கம்பளம் ஒட்டிய முக்காலி

என் அண்ணன் போன மாதம் இறந்தான். சபைக் கூடத்தில் அவனைக் கிடத்தி வைத்துப் பெரியவர் நெடுநேரம் பேசினார். தொலைந்துபோய்த் திரும்பி வந்தவர், ஐயத்தை வென்றவர், இவரைப் பார்த்து நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் சொன்னார். மைக் வைத்திருந்ததால் வெளிக்கதவு வரைக்கும் கேட்டது. வெளிக்கதவுக்கு இந்தப் பக்கம், தெருவில், நானும் அவன் மகளும் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் உள்ளே போக அனுமதி இல்லை. கூடப் பிறந்தவளும் பெற்ற மகளும் தெருவில் நிற்க, வருடக்கணக்கில் அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனவர்கள் உள்ளே உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்கள். பெரியவர் பொய் சொல்கிறார் என்றால்கூடத் தேவலை. அவர் சொன்னதையெல்லாம் உண்மை என்றே நினைத்துச் சொன்னார். அதனால்தான் நடந்தது என்ன என்று நான் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் கண்ணாடி வெட்டுகிறவன். ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடி, படங்களுக்குச் சட்டம், எல்லாம் செய்வான். தெருவில் அவனுக்குப் பெயரே ‘கண்ணாடி’தான். என் ஜெராக்ஸ் கடைக்கும் அவன் கடைக்கும் நடுவே ஒரே சுவர். கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுச் சட்டத்தை ஒட்டி ஒரே இழுப்பு இழுப்பான். பிறகு கண்ணாடியை மேசை விளிம்புக்கு நகர்த்தி லேசாக அழுத்துவான். கோட்டோடு இரண்டாகும். போட்ட கோட்டின் மேல் மறுபடி இழுக்கவே மாட்டான். இழுத்தால் கண்ணாடி அதன் இஷ்டத்துக்கு உடையும் என்பான்.

எங்கள் குடும்பம் பரம்பரையாகச் சபையில் இருந்தது. சின்னச் சபை. ஒருவர் வீட்டில் தும்மினால் இன்னொருவர் வீட்டில் விசாரிப்பார்கள். வாரம் ஒருமுறை கூடுவோம். முடிவில் ஒவ்வொருவராக எழுந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். “நான் அறிவேன், எனக்கு ஐயமில்லை.” அவ்வளவுதான். நான் அதைச் சொல்லும்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேனா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர் பாதித் தூக்கத்தில் எழுந்து சொல்லிவிட்டு மீதித் தூக்கத்துக்கு உட்கார்ந்துவிடுவார். எதை அறிவீர்கள் என்று யாராவது மடக்கிக் கேட்டிருந்தால் எங்களில் பாதிப் பேர் திருதிருவென்று முழித்திருப்போம். ஆனால் சபை இல்லாவிட்டால் யார் வீட்டில் பெண் எடுப்பது, படுத்துக் கிடந்தால் யார் எட்டிப் பார்ப்பது, செத்தால் யார் தூக்குவது, இதெல்லாம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த அறிவில்தான் ஐயமில்லை.

அண்ணன் ஒருவன்தான் அந்த வாக்கியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லுவான். வினை அங்கேதான் இருந்தது.

ஒருமுறை கூடத்தின் பெரிய ஜன்னலில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டது. மாற்றுவதற்கு அண்ணன் தனியாகப் போயிருந்தான். வேலை முடிந்து, கண்ணாடி பதிக்கிற பட்டி ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு, காலியாகக் கிடந்த பெஞ்சுகளுக்கு நடுவே நின்று அந்த வாக்கியத்தைச் சும்மா சொல்லிப் பார்த்திருக்கிறான். இதை எனக்குப் பிறகு அவனே சொன்னான்.

“பொய் மாதிரி கேட்டுச்சு,” என்றான். “கூட்டத்தோட சொல்றப்போ தெரியல. முன்னால ஒருத்தர் சொல்றாரு, பின்னால ஒருத்தர் சொல்றாரு, நடுவுல நானும் சொல்றேன். தனியா சொன்னா, யாரோ சொல்ற மாதிரி இருக்கு.”

அடுத்த கூட்டத்தில் அவன் முறை வந்தபோது எழுந்தான். “எனக்கு ஐயம் இருக்கு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி குனிந்த தலை நிமிரவில்லை. மடியில் நாலு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் சண்டை போட்டேன். “ஏண்ணே, எல்லாரும் மாதிரி சொல்லிட்டு உக்கார வேண்டியதுதானே? யாரு வந்து உன் நெஞ்சத் தொறந்து பாக்கப்போறாங்க?”

“யாரும் பாக்க மாட்டாங்கங்கறதாலதான் அதச் சொல்ல முடியல.”

இப்படிப் பேசுகிறவனிடம் என்ன வாதாடுவது? சபையில் ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். குடி என்றார்கள், கடன் என்றார்கள், வேறு ஒருத்தி என்றுகூட ஒரு புண்ணியவதி கிளப்பிவிட்டாள். வெறுமனே ஒருவனால் பொய் சொல்ல முடியவில்லை என்பது மட்டும் யார் மண்டையிலும் ஏறவில்லை. பெரியவர் அடிக்கடி கடைக்கு வந்தார். நல்ல மனிதர்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொறுமையாகப் பேசுவார்.

“தம்பி, ஐயம் எல்லாருக்கும் வரும். வாயால சொல்லிட்டே இருங்க. மனசு பின்னாலயே வந்துடும்.”

“வரலைன்னா?”

“வந்த மாதிரி இருங்க.”

அண்ணன் சிரித்தேவிட்டான். பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பெயரை விலகியவர்களோடு சேர்த்துவிட்டார்கள்.

எங்கள் சபையின் விதி இதுதான். விலகியவனோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. அவன் கையிலிருந்து நேராக எதையும் வாங்கக் கூடாது. தெரிந்தே வாங்கினால், வாங்கியவரும் விலகியவர்தான். விலகியவர்கள் செத்த பிறகு மற்றவர்களோடு சேர முடியாது. திரும்பி வரலாம், கதவு திறந்தே இருக்கும். ஆனால் திரும்பி வந்தவன் மறுபடியும் போனால், அவன் திரும்பி வரவே இல்லை என்று அர்த்தம். ஒரே வீட்டில் புருஷன் பெண்டாட்டியாக இருக்கலாமா என்றால், இருக்கலாம். கையிலிருந்து கைக்கு மட்டும் எதுவும் போகக் கூடாது, பொருளை நடுவில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். இதை எழுதிய மகான் கல்யாணம் ஆனவராக இருந்திருக்க மாட்டார்.

அப்படித்தான் பெரியவர் உட்கார்ந்த அந்த முக்காலி வீட்டுக்குப் போனது. அண்ணன் கடைக் காசை, காய்கறியை, மருந்துச் சீட்டை, எதையும் முக்காலியில் வைப்பான். அண்ணி வந்து எடுத்துக்கொள்வாள். அவள் டம்ளரை அதில் வைப்பாள், அவன் எடுத்துக்கொள்வான். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் மரத்தில் ‘டக்’கென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் மகள் விளையாட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள் என்று கடையில் கண்ணாடிக்கு அடியில் விரிக்கிற கம்பளத்தில் ஒரு துண்டு வெட்டி முக்காலி மேல் ஒட்டினான். அப்புறம் சத்தம் இல்லை.

விவரம் தெரியாத பிள்ளைகளுக்கு விதி கிடையாது என்பதால் மகளுக்கு மட்டும் அவன் கையாலேயே கொடுப்பான். அந்தப் பிள்ளை ஒருநாள் பள்ளிக்கூடத் தோழி வீட்டுக்குப் போய்விட்டு வந்து அம்மாவிடம் சொன்னாளாம். “அவங்க வீட்ல முக்காலியே இல்லம்மா. அவங்கப்பா கையில வச்சிட்டே நிக்கிறாரு, பாவம்.” அண்ணி இதை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு மகளுக்கு வயது வந்து, கூட்டத்தில் எழுந்து முதல்முறையாக வாக்கியம் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் அவளுக்கு ஒரு பேனா வாங்கி வந்திருந்தான். யாரும் சொல்லாமல் அவனே அதை முக்காலியில் வைத்தான்.

நானும் அப்படித்தான். எங்கள் இரண்டு கடைக்கும் நடுச் சுவரின் வாசல் பக்கத்து முனையில் ஒரு பலகை அடித்திருந்தோம். அவன் வைப்பான், நான் எடுப்பேன். எனக்குக் கட்டிக்கொடுக்க இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். சபைக்காரர்கள் அவன் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். மழைக்காலத்தில் ஜன்னல் உடைந்தால் மட்டும் நைசாக வருவார்கள். அவன் கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வான். தேவை வந்தால் சுவரும் முக்காலிதான்.

அண்ணி ஏன் அவனோடு வெளியே வரவில்லை என்று கேட்பீர்கள். அவர்களுக்கு முதலில் ஒரு ஆண் குழந்தை பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. அது அங்கே, செத்தவர்கள் சேருகிற இடத்தில் இருக்கிறது, தான் போனால் தூக்கிக்கொள்ளலாம் என்று அண்ணி நம்பினாள். என்னைப் போல அடுப்பை நினைத்துக்கொண்டு சபைக்கு வந்தவள் இல்லை அவள். “ரெண்டு பேருமே போகலைன்னா அதுக்கு யாரு இருக்கா?” என்று ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னாள். அண்ணனுக்கு இது தெரியும். அதனால் அவளை ஒருநாளும் வற்புறுத்தியதில்லை.

மகள் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு அண்ணிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, இடது கைக்கும் தெம்பில்லை. முக்காலியிலிருந்து எதையும் எடுக்க முடியாது, வாயில் ஊட்டத்தான் வேண்டும். காலையும் இரவும் மகள் ஊட்டுவாள். மத்தியானம் நான் கடையைச் சாத்திவிட்டுப் போவேன். நடுவில் அண்ணன் கடைக்கும் வீட்டுக்கும் அலைவான். போர்வையைச் சரிசெய்வான், விசிறுவான், தலையணையை மாற்றுவான். வாய்க்கு மட்டும் எதுவும் கொடுக்க முடியாது.

ஒருநாள் பரீட்சை விண்ணப்பத்துக்காக என் கடையில் கூட்டம் நெரித்தது. போகத் தாமதமாகிவிட்டது. நான் உள்ளே நுழைந்தபோது அண்ணன் கட்டில் பக்கத்தில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தான். அண்ணியின் உதடு வெடித்திருந்தது. அவள் அதை இறுக்கி மூடியிருந்தாள். தலையணை நனைந்திருந்தது. கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

“ஒரு வாய் குடி. யாருக்கும் தெரியாது,” என்று அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அவள் என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். அவன் டம்ளரை முக்காலியில் வைக்கும்வரை நான் காத்திருந்து, எடுத்து ஊட்டினேன். மடக்மடக்கென்று குடித்தாள். பிறகு குழறிக் குழறி அவனிடம் சொன்னாள். “கோவிச்சுக்காதீங்க. பிள்ளை அங்க தனியா இருக்கு.”

அண்ணன் வெளியே போய்ச் செருப்பை மாட்டினான். நேராகப் பெரியவர் வீட்டுக்குப் போயிருக்கிறான்.

அந்த வாரக் கூட்டத்தில் அவன் எழுந்து நின்றான். அவன் கண்ணை மூடவில்லை. தான் மாற்றிய அந்த ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நான் அறிவேன், எனக்கு ஐயமில்லை.” பெரியவர் அழுதார். ஆளாளுக்கு வந்து அவனைக் கட்டிக்கொண்டார்கள். நான் மட்டும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அண்ணன் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய்யை ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது. எனக்கு அன்றைக்கு வந்த அழுகை மாதிரி அவன் செத்த அன்றுகூட வரவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். அண்ணி கேட்டாள். “சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“முழுசாவா?”

“முழுசா.”

அவன் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கா தெரியாது? அத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவள். ஆனாலும் வாயைத் திறந்தாள். அவன் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினான். நான் அங்கே நிற்கப் பொறுக்காமல் முற்றத்துக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவன்தான் ஊட்டினான், வேறு யாரையும் விடவில்லை. முக்காலியைப் பரணில் தூக்கிப் போட்டான். அண்ணி மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள். போவதற்கு முன் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு, “மறுபடி போயிடாதீங்க” என்றாள். போக மாட்டேன் என்றான்.

அவன் போகவில்லை. வாரம் தவறாமல் முதல் வரிசையில் உட்கார்ந்தான். முறை வந்தால் எழுந்து ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்காருவான். பெரியவர் புதிதாகச் சேர்கிறவர்களிடம் அவனைக் காட்டுவார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மகள் ஒவ்வொரு வாரமும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் முறை வந்தது. எழுந்தாள். “எனக்கு ஐயம் இருக்கு,” என்றாள்.

அண்ணன் திரும்பவில்லை. அவன் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் அவள் கடைக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். “அப்பா, நீங்க பொய் சொல்றத வாராவாரம் என்னால கேட்க முடியல. நீங்களும் வந்துடுங்க. அம்மாதான் இப்ப இல்லையே.”

“உங்கம்மா அங்க பிள்ளையோட இருக்கா.”

“அத நீங்க நம்புறீங்களா?”

“நான் நம்பல. அவ நம்பினா.” அண்ணன் கட்டரைக் கீழே வைத்தான். “நான் வெளிய வந்தா, திரும்பி வரவே இல்லைன்னு ஆயிடும். அப்போ அவ என் கையில வாங்கினதெல்லாம்? விலகினவன் கையில வாங்கினதுதானே? அவள நடுவழியில எறக்கி விட்ட மாதிரி ஆயிடும்மா.”

“நீங்க நம்பாத ஒரு எடத்துல அவங்கள எப்படிப்பா எறக்கி விட முடியும்?”

அவன் யோசித்தான். “தெரியல,” என்றான். “ஆனா என்னால முடியல.”

பரணிலிருந்து முக்காலி மறுபடி இறங்கியது. அவள்தான் ஏறி எடுத்து, தூசி தட்டி, நடுக்கூடத்தில் வைத்தாள். கோபமாக வைத்தாளா என்றால் இல்லை. சின்ன வயதிலிருந்து பார்த்த பொருள்தானே. ஒருமுறை அவள் பிறந்தநாளுக்கு அவன் ஒரு முகக்கண்ணாடி செய்து, ஓரமெல்லாம் தேய்த்து மெருகேற்றி, முக்காலியில் சாய்த்து வைத்தான். அவள் அதை எடுக்கக் குனிந்தபோது இரண்டு பேர் முகமும் அதில் தெரிந்ததாம். “அதுக்கு விதி ஒண்ணும் இல்லையேப்பா” என்று கேட்டாளாம். இதைச் சொல்லும்போது அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

கடைசியில் அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டி எழுந்திருக்க முடியாமல் போயிற்று. விரல்கள் மடங்கவில்லை. மகள் வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் சமைத்து, துடைத்து, எல்லாவற்றையும் முக்காலியில் வைப்பாள். நான் எடுத்து ஊட்டுவேன். பெரியவர் ஆட்களை அனுப்புகிறேன் என்றார். என் தங்கச்சி இருக்கா என்று அவன் மறுத்துவிட்டான். நான் இன்னும் சபையில்தான் இருந்தேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார், பிள்ளைகள் கல்யாணம் கட்டி எங்கெங்கோ போனார்கள். எனக்கு அந்த வாக்கியம் அப்போதும் பல் தேய்ப்பது மாதிரிதான்.

ஒரு சாயங்காலம் நான் நுழைந்தபோது மகள் அடுப்படி வாசலில் வெந்நீர் டம்ளரோடு நின்றாள். “அத்தை, சுடுது, புடிங்க புடிங்க,” என்று நீட்டினாள். நான் வாங்கிவிட்டேன். கை தானாகப் போய்விட்டது.

கட்டிலிலிருந்து அண்ணன்தான் முதலில் பேசினான். “தெரியாம நடந்துபோச்சு. தெரியாம நடந்தா தப்பில்ல. கீழ வச்சிட்டு, எடுத்துக் குடு.”

வைத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் டம்ளர் என் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் வைக்கப்போகிறேனா என்று. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

“தெரிஞ்சுதான் வாங்கினேன்,” என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான். “அப்போ நீயும் வெளிய.”

“ஆமா. நானும் வெளியதான். இப்ப இந்த வீட்ல உள்ள இருக்கறது நீ ஒருத்தன்தான். குடி.” டம்ளரை ஆற்றி அவன் உதட்டருகே கொண்டுபோனேன். தாகத்தில் தவித்துக்கொண்டிருந்தான். மகளும் வெளியே, தங்கையும் வெளியே, இனி வேறு வழியில்லை, இறங்கி வந்துவிடுவான் என்று நினைத்தேன். அவனை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும், கடைசி நாட்களிலாவது பெற்ற பிள்ளை கையால் ஒரு வாய் குடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அண்ணன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். அண்ணி மூடிக்கொண்ட அதே மாதிரி. அவன் கண்ணிலும் நீர் வழிந்தது.

“அண்ணே,” என்றேன்.

“முக்காலில வை,” என்றான். “நானே குடிச்சிக்கறேன்.”

மகள் முக்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள். நான் டம்ளரை அதில் வைத்தேன். கம்பளத்தில் சத்தமே வரவில்லை. அவன் ஒருக்களித்துப் படுத்து, கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து, தலையை நீட்டினான். எடுக்க விரல் வளையாததால் வாயைத்தான் டம்ளருக்குக் கொண்டுபோனான். முக்காலி ஆடியது. மகள் சட்டென்று தரையில் உட்கார்ந்து முக்காலியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். டம்ளரைத் தொடவில்லை. முக்காலியைத் தொடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அவன் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

அவன் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடித்தான். அவள் முக்காலி அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் இருந்தவரைக்கும் அப்படியேதான் குடித்தான்.